சிலுவைப்பாட்டின் தேதியைக் கணக்கிடுவது எப்படி? பழைய நாட்காட்டிகளுக்கான முழுமையான வழிகாட்டி

நற்செய்தி நூல்களில் வரும் நிகழ்வுகளுக்குத் தேதி குறிக்க முயல்கிறவர்களில் பெரும்பாலானோர் எடுத்தவுடனே நிலவுக் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். இணையத்தில் ஒரு தேதி மாற்றியைத் திறந்து, நிசான் 14 (யூதரின் பஸ்கா பண்டிகை வரும் நிசான் மாதத்தின் 14ஆம் நாள்) என்றும் தங்களுக்குப் பிடித்த ஆண்டையும் தட்டி, வருகிற விடையை எழுதிவைக்கிறார்கள். அந்த விடை சரியாகவே இருந்தாலும், ஏன் சரி என்று கேட்டால் பதில் இருக்காது.

இந்த வேலையில் வரிசைதான் எல்லாம். முதலில் ஆட்சியாளர்கள், அப்புறம் கிழமை, அதன் பிறகு மாதத்தின் நாள், கடைசியில் நிலா. நிலவைக் கேட்டால் எந்த ஆண்டுக்கும் ஏதோ ஒரு தேதியைச் சொல்லும். அதை முதலில் கேட்டால், ஆண்டை நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள் என்று பொருள்.

கீழே உள்ள படிகள் இயேசுவின் சிலுவைப்பாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டவை. காரணம் எளிது: ஆளுநர் பெயர், கிழமை, பண்டிகை, நிலவின் நிலை ஆகிய நான்கும் ஒரே நிகழ்வில் சேர்ந்து கிடைப்பது அங்கே மட்டும்தான். இதில் கை பழகினால் மற்ற நிகழ்வுகளில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தானாகத் தெரியவரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் இருக்கும் வேதாகமம் ஒன்று. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிய 'யூதர்களின் தொன்மை வரலாறு'; அதில் குறிப்பாக 15, 17, 18ஆம் நூல்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் 'ஆண்டுக் குறிப்புகள்' 15ஆம் நூலில் 44ஆம் பகுதி.

வானியலுக்கு நாசாவின் கிரகணப் பட்டியலும், ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருள் ஒன்றும் போதும். பாபிலோனிய மாதத் தொடக்கங்களுக்கு பார்க்கர், டப்பர்ஸ்டைன் இருவரும் தொகுத்த அட்டவணை கிடைத்தால் நல்லது. எருசலேம் வேறு ஊர் என்றாலும், பிறை பார்த்து மாதம் தொடங்கும் முறை ஒன்றே என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இவற்றோடு ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: ஆதாரம், அது சொல்வது, அதற்கு இருக்கும் வேறு வாசிப்புகள், அதனால் வரும் ஆண்டுகள். மூன்றாவது பத்தியைக் காலியாக விடக் கூடாது. பின்னால் கணக்கு முட்டும்போது எந்த இடத்தில் தளர்வு இருக்கிறது என்று காட்டுவது அந்தப் பத்திதான்.

2. எந்த நாட்காட்டியில் எழுதப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

முதல் நூற்றாண்டுத் தேதிகளை ஜூலியன் நாட்காட்டியில் எழுதுவதுதான் ஆய்வாளர்களின் வழக்கம். நாம் இன்று பயன்படுத்தும் கிரகோரியன் நாட்காட்டி 1582இல்தான் வந்தது. அதைப் பின்னோக்கி நீட்டினால் முதல் நூற்றாண்டில் 2 நாள் வித்தியாசம் வரும்: ஜூலியன் கணக்கில் கி.பி. 33 ஏப்ரல் 3 என்பது கிரகோரியன் கணக்கில் ஏப்ரல் 1. இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமைதான். ஆனால் ஒரு நூலிலிருந்து ஜூலியன் தேதியையும், மென்பொருளிலிருந்து கிரகோரியன் தேதியையும் எடுத்துக் கலந்தால் கிழமை தப்பிவிடும்.

அடுத்தது சுழிய ஆண்டு. கி.மு. 1க்கு அடுத்தது நேராக கி.பி. 1. வானியல் பட்டியல்களோ கி.மு. 1ஐ 0 என்றும், கி.மு. 4ஐ -3 என்றும் எழுதும். இதை மறந்தால் கி.மு.விலிருந்து கி.பி.க்குத் தாண்டும் ஒவ்வொரு கணக்கிலும் ஓர் ஆண்டு பிசகும். 5ஆம் படியில் இதற்கு ஒரு நேரடி எடுத்துக்காட்டு வருகிறது.

கிழமைக்கு நான் பரிந்துரைப்பது ஜூலியன் நாள் எண் (நாட்களை இடைவிடாமல் எண்ணிவரும் வானியல் எண்; ஜூலியன் நாட்காட்டி வேறு). தேதியை அந்த எண்ணாக மாற்றி 7ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்: 0 என்றால் திங்கள், 4 என்றால் வெள்ளி, 6 என்றால் ஞாயிறு. கி.பி. 30 ஏப்ரல் 7க்கு நாள் எண் 1732112, மீதி 4. கி.பி. 33 ஏப்ரல் 3க்கு 1733204. அதற்கும் மீதி 4. மென்பொருள் தரும் கிழமையை இப்படி ஒரு முறை கையால் சரிபார்த்துவிட்டால் நாட்காட்டிக் குழப்பம் அங்கேயே பிடிபடும்.

3. வெளி வேலியைப் போடுங்கள்: பிலாத்து

நான்கு நற்செய்திகளும் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் கீழ் இயேசுவின் மரணம் நடந்ததாகச் சொல்கின்றன. டாசிட்டஸும் ரோமப் பேரரசர் திபேரியுவின் ஆட்சியில், பிலாத்துவின் கையால் என்றே எழுதுகிறார். பிலாத்து யூதேயாவில் பத்து ஆண்டு இருந்தார், பிறகு விளக்கம் சொல்ல ரோமுக்கு அனுப்பப்பட்டார், அவர் போய்ச் சேரும் முன் திபேரியு இறந்துவிட்டார் என்பது யோசேபஸ் தரும் செய்தி. திபேரியு இறந்தது கி.பி. 37 மார்ச் 16. ஆக பிலாத்துவின் காலம் கி.பி. 26 முதல் 36 வரை.

பிரதான ஆசாரியர் காய்பா கி.பி. 18 வாக்கில் பதவிக்கு வந்து, பிலாத்து போன அதே கட்டத்தில் நீக்கப்பட்டவர். அவர் பெயர் வேலியைக் குறுக்காது. ஆனால் முரணும் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

26 முதல் 36 வரை 11 பஸ்கா பண்டிகைகள். இந்த 11ஐயும் நோட்டில் எழுதுங்கள். இப்போதே எதையும் அடிக்க வேண்டாம். புதியவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு 29க்கு முந்தியதையும் 33க்குப் பிந்தியதையும் அடித்துவிடுகிறார்கள். பிறகு அவற்றை எந்த ஆதாரத்தால் விலக்கினோம் என்று அவர்களுக்கே நினைவிருக்காது.

4. உள் வேலி: திபேரியுவின் 15ஆம் ஆண்டு

லூக்கா 3:1, யோவான் ஸ்நானன் பிரசங்கிக்கத் தொடங்கியதை திபேரியுவின் 15ஆம் ஆண்டில் வைக்கிறது. நற்செய்திகளில் ஆட்சியாண்டு எண் சொல்லும் ஒரே இடம் இதுதான். அதனால் இதில் நிதானமாக நின்று வேலை செய்ய வேண்டும்.

திபேரியுவுக்கு முந்தைய பேரரசர் அகஸ்து இறந்தது கி.பி. 14 ஆகஸ்ட் 19. அங்கிருந்து நாள் கணக்காக எண்ணினால் 15ஆம் ஆண்டு கி.பி. 28 ஆகஸ்டில் தொடங்கி கி.பி. 29 ஆகஸ்டில் முடியும். இது மிக இயல்பான வாசிப்பு.

ஆனால் எல்லா ஊரிலும் அப்படி எண்ணவில்லை. ஜனவரியில் தொடங்கும் ரோம ஆண்டுகளாக எண்ணி, கி.பி. 14இன் மிச்ச மாதங்களை முதல் ஆண்டாகச் சேர்த்தால் 15ஆம் ஆண்டு கி.பி. 28. அந்த மிச்ச மாதங்களைத் தனியே விட்டுவிட்டு கி.பி. 15 ஜனவரியிலிருந்து தொடங்கினால் கி.பி. 29. சீரியாவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறந்தது. அந்த முறையில் கி.பி. 14 ஆகஸ்டிலிருந்து அந்த இலையுதிர் காலம் வரை உள்ள சில வாரங்களே முதல் ஆண்டு. 15ஆம் ஆண்டு கி.பி. 27 இலையுதிர் காலத்திலிருந்து கி.பி. 28 இலையுதிர் காலம் வரை வரும்.

நான்காவதாக ஒரு வாசிப்பும் உண்டு. அகஸ்து உயிரோடு இருக்கும்போதே திபேரியுவுக்கு மாகாணங்களில் இணை அதிகாரம் கொடுக்கப்பட்டது. அங்கிருந்து எண்ணினால் இரண்டு, மூன்று ஆண்டு முன்னே போகலாம். இதை நோட்டில் எழுதுங்கள், ஆனால் அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். பழைய வரலாற்றாசிரியர்கள் திபேரியுவின் ஆட்சியை அகஸ்துவின் மரணத்திலிருந்துதான் எண்ணுகிறார்கள். வேறு கணக்கு இடிக்கும்போது மட்டும் எடுத்துப் போடுகிற வாசிப்பு எனக்கு வலுவானதாகத் தெரியவில்லை.

இந்தப் படியின் விடை: யோவான் ஸ்நானனின் தொடக்கம் கி.பி. 27 இலையுதிர் காலத்துக்கும் கி.பி. 29 முடிவுக்கும் இடையில்; இயேசுவின் ஊழியம் அதற்குப் பிறகுதான். அதற்கு முன்பே வரும் 26, 27ஆம் ஆண்டுப் பஸ்காக்கள் இங்கே அடிபடுகின்றன, இணை ஆட்சி வாசிப்பை ஏற்றாலொழிய. 28ம் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

5. இயேசுவின் ஊழியத்தின் நீளம், 46 ஆண்டுகள்

யோவான் நற்செய்தி மூன்று பஸ்காக்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: 2:13, 6:4, 11:55. முதலுக்கும் கடைசிக்கும் இடையே குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி. சிலர் 5:1இல் வரும் பெயரிடாத பண்டிகையையும் பஸ்காவாக்கி மூன்று ஆண்டு ஆக்குவார்கள். அது ஊகம்; தனியே குறியுங்கள்.

முதல் பஸ்காவின்போது, தேவாலயம் கட்ட 46 வருஷம் ஆனதென்று யூதர்கள் சொல்வதாக யோவான் 2:20 கூறுகிறது. யூதேயாவின் அரசர் ஏரோது தன் ஆட்சியின் 18ஆம் ஆண்டில் அந்த வேலையைத் தொடங்கினார் என்கிறார் யோசேபஸ். ஏரோது எருசலேமைப் பிடித்த கி.மு. 37இலிருந்து எண்ணினால் அது கி.மு. 20-19.

இங்கேதான் சுழிய ஆண்டு கடிக்கும். 46இலிருந்து 20ஐக் கழித்து கி.பி. 26 என்று எழுதுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. கி.மு. 20 என்பது வானியல் எண்ணில் -19. அதோடு 46ஐக் கூட்டினால் 27. கி.மு. 19 என்றால் 28. ஆக முதல் பஸ்கா 27இல் அல்லது 28இல்.

இதற்கும் மாற்று வாசிப்பு உண்டு. ஆசாரியர்கள் கட்டிய உள் ஆலயம் சுமார் ஒன்றரை ஆண்டில் முடிந்துவிட்டது. வசனம் பேசுவது அந்தக் கட்டடம் கட்டப்பட்டு 46 ஆண்டு ஆயிற்று என்பதைத்தான் என்று எடுத்தால் 29 அல்லது 30 வரும். கிரேக்க வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

இப்போது 4ஆம் படியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீரியா முறை ஆண்டும் கட்டத் தொடங்கியதிலிருந்து எண்ணும் வாசிப்பும் சேர்ந்தால் பஸ்காக்கள் 28, 29, 30. நாள் கணக்கு ஆண்டும் கட்டி முடித்ததிலிருந்து எண்ணும் வாசிப்பும் சேர்ந்தால் முதல் பஸ்கா 29இல் அல்லது 30இல். கடைசிப் பஸ்கா 31, 32, 33 என்று போகும். இரண்டு தொகுதிகளும் நிலவைத் தொடாமலே உருவாகிவிட்டன என்பதைக் கவனியுங்கள்.

6. கிழமையை உறுதி செய்யுங்கள்

மாற்கு 15:42 மரண நாளை ஓய்வுநாளுக்கு முந்தின ஆயத்தநாள் என்கிறது. மற்ற மூன்று நற்செய்திகளும் ஒத்துப்போகின்றன. ஆகவே வெள்ளி.

மத்தேயு 12:40இல் வரும் "இரவும் பகலும் மூன்று நாள்" என்ற சொற்களைக் கொண்டு புதன் அல்லது வியாழன் என்று வாதிடுபவர்கள் உண்டு. யூத வழக்கில் நாளின் ஒரு பகுதியும் ஒரு நாளாக எண்ணப்படும். எஸ்தர் 4:16இல் மூன்று நாள் அல்லும் பகலும் உபவாசம் என்று சொல்லிவிட்டு, 5:1இல் மூன்றாம் நாளிலேயே எஸ்தர் ராஜாவின் முன் போய் நிற்கிறாள். வெள்ளி, சனி, ஞாயிறு இந்தக் கணக்குக்குள் அடங்கும். உயிர்த்தெழுதல் "மூன்றாம் நாள்" என்று நற்செய்திகளே பல இடங்களில் சொல்லும்போது 72 மணி நேரம் தேட வேண்டியதில்லை.

கூடவே இன்னொன்றையும் மனதில் நிறுத்துங்கள்: யூத நாள் மாலையில் பிறக்கிறது. வியாழன் இரவு உண்ட கடைசி இராப்போஜனமும் வெள்ளி பிற்பகல் மரணமும் ஒரே யூத நாளைச் சேர்ந்தவை. நம் கணக்கில் இரண்டு தேதி, அவர்கள் கணக்கில் ஒன்று. தாளில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு மாலையிலும் ஒரு குறி வைத்து, நிகழ்வுகளை அதன் மேல் எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மாற்கு "மூன்றாம் மணி" என்பதும் யோவான் "ஆறாம் மணி" என்பதும் தனிப் பிரச்சினை. அது தேதியை மாற்றாது, இப்போதைக்கு விட்டுவிடலாம்.

7. நிசான் 14ஆ, 15ஆ? இரண்டையும் திறந்து வையுங்கள்

ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்படுவது நிசான் 14 பிற்பகல். பஸ்கா விருந்து அன்று மாலை, அதாவது 15 பிறந்ததும்.

மாற்கு 14:12, லூக்கா 22:7 ஆகியவை கடைசி இராப்போஜனத்தைப் பஸ்கா விருந்தாகவே காட்டுகின்றன. அப்படியானால் மரணம் நிசான் 15. யோவான் 18:28இலோ, மறுநாள் காலையில் யூதத் தலைவர்கள் பஸ்காவைப் புசிக்க வேண்டியிருப்பதால் தீட்டுப்படாதபடி தேசாதிபதியின் அரண்மனைக்குள் போகாமல் நிற்கிறார்கள். 19:14 அந்த நாளைப் பஸ்காவுக்கு ஆயத்தநாள் என்கிறது. அப்படியானால் மரணம் நிசான் 14.

இதைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போவேன் என்று உட்கார்ந்தால் இங்கேயே தங்கிவிடுவீர்கள். நான்கு நூல்களும் வியாழன் இரவு விருந்து, வெள்ளி மரணம், சனி ஓய்வு என்பதில் ஒன்றுபடுகின்றன. வேறுபடுவது அந்த வெள்ளிக்கு இடும் எண் மட்டும். எனவே கேள்வியை இப்படி இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: எந்த ஆண்டுகளில் நிசான் 14 வெள்ளி? எந்த ஆண்டுகளில் நிசான் 15 வெள்ளி?

யூதர்களில் வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு நாட்காட்டிகளைப் பின்பற்றின என்பதைக் கொண்டு இரண்டையும் இணைக்கும் முயற்சிகளும் உண்டு. சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் காணும் 364 நாள் ஆண்டு சரியாக 52 வாரம். அதில் நிசான் 15 எப்போதும் புதன்கிழமைதான். அன்னி ஜோபர் என்ற பிரெஞ்சு அறிஞர் அதைக் கொண்டு இராப்போஜனத்தைச் செவ்வாய் மாலைக்குக் கொண்டுபோனார். இயேசுவோ சீஷர்களோ அந்த நாட்காட்டியைப் பின்பற்றியதாக நற்செய்திகளில் எந்தக் குறிப்பும் இல்லை. அதனால் நான் அதை முக்கியக் கணக்கில் சேர்ப்பதில்லை.

8. நிலவைக் கணக்கிடுங்கள்

இப்போதுதான் வானியல். வழி இது: அமாவாசை நேரத்தை எடுங்கள், எருசலேமில் எந்த மாலையில் பிறை கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று பாருங்கள், அந்த மாலையில் நிசான் 1 பிறக்கிறது, அதன் பகல் மறுநாள், அங்கிருந்து 13 நாள் கூட்டினால் நிசான் 14இன் பகல்.

ஏன் அமாவாசையிலிருந்தே எண்ணக் கூடாது? ஏனென்றால் அந்தக் காலத்தில் மாதம் கணக்கால் தொடங்கவில்லை, பிறையைக் கண்ட சாட்சிகளால் தொடங்கியது. சாட்சிகளை விசாரித்து மாதத்தை அறிவிக்கும் முறையை மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு விரிவாகச் சொல்கிறது. ரமலானுக்குப் பிறை பார்த்து அறிவிப்பதை நம் ஊரில் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: அமாவாசைக்கு மறுநாளே பிறை தெரிந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மேகம் மறைத்தால்? மாதம் 29 அல்லது 30 நாள், 30ஐத் தாண்டாது. அதனால் மேகத்தால் வரும் பிசகு ஒரு நாளுக்கு மேல் போகாது.

கி.பி. 33ஐப் போட்டுப் பார்ப்போம். அமாவாசை மார்ச் 19, எருசலேம் நேரப்படி பிற்பகல் 1 மணி வாக்கில். அன்று மாலை பிறைக்கு சில மணி நேர வயதுதான், தெரியாது. மார்ச் 20 மாலை சுமார் 29 மணி நேர வயது, தெரியும். நிசான் 1இன் பகல் மார்ச் 21, சனி. நிசான் 14இன் பகல் ஏப்ரல் 3, வெள்ளி.

கி.பி. 30 இன்னும் நுணுக்கமானது. அமாவாசை மார்ச் 22, இரவு 8 மணி வாக்கில். மார்ச் 23 மாலையில் பிறையின் வயது சுமார் 22 மணி நேரம். இது எல்லைக்கோடு, தெரிவது கடினம் என்பதால் பெரும்பாலான ஆய்வாளர்கள் மார்ச் 24 மாலையை எடுக்கிறார்கள். அப்போது நிசான் 14 ஏப்ரல் 7, வெள்ளி. 23 மாலையிலேயே யாராவது கண்டிருந்தால் நிசான் 14 வியாழன், 15 வெள்ளி. எப்படியும் அதே ஏப்ரல் 7தான். எண் மட்டும் மாறுகிறது. 7ஆம் படியில் இரண்டையும் திறந்து வைத்ததன் பலன் இங்கே தெரியும்.

இந்தப் படியில் இரண்டு பெரிய பிழைகள் நடக்கின்றன.

ஒன்று, இன்றைய எபிரேய நாட்காட்டி மாற்றியைப் பயன்படுத்துவது. அந்தக் கணக்கு முறையை யூதத் தலைவர் இரண்டாம் இல்லேல் 4ஆம் நூற்றாண்டில் நிறுவியதாகச் சொல்வது மரபு. அதன் ஒத்திவைப்பு விதிகளால் நிசான் 15 திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் வரவே வராது. முதல் நூற்றாண்டில் பிறை பார்த்த காலத்துக்கு அந்த விதியைப் பொருத்தினால், நிசான் 15 வெள்ளி என்ற வாய்ப்பையே கேட்காமல் தள்ளிவிடுகிறீர்கள்.

இரண்டு, பூமியின் சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்துவருவதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. முதல் நூற்றாண்டுக்கு இதனால் வரும் திருத்தம் சுமார் 2 மணி 50 நிமிடம். பிறை எல்லைக்கோட்டில் இருக்கும் கி.பி. 30 போன்ற ஆண்டில் மூன்று மணி நேரம் சிறிய விஷயம் இல்லை. உங்கள் மென்பொருள் இந்தத் திருத்தத்தைச் செய்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். அதோடு எருசலேம் நேரத்தையும் கிரீன்விச் நேரத்தையும் கலக்காதீர்கள்.

9. அதிக மாதத்தைச் சோதியுங்கள்

12 சந்திர மாதம் சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் சில ஆண்டுகளில் நிசானுக்கு முன் ஒரு மாதம் கூட்டப்பட்டது. இன்றுபோல் 19 ஆண்டுச் சுழற்சியால் முன்கூட்டியே நிர்ணயித்ததாக எண்ணிவிடாதீர்கள். பார்லி கதிர் முற்றியதா, மரங்களின் பழங்கள் எப்படி, வசந்த சமநாள் (பகலும் இரவும் சமமாகும் நாள்) எப்போது என்று பார்த்து முடிவெடுத்தார்கள் என்பது ரபிகளின், அதாவது யூத மதபோதகர்களின், மரபு. ஆட்டுக்குட்டிகள் இளசாக இருக்கின்றன, பார்லி இன்னும் முற்றவில்லை, ஆகவே 30 நாள் சேர்க்கிறோம் என்று ரபி கமாலியேல் ஊர்களுக்கு அனுப்பிய கடிதம் ஒன்றும் தல்மூது என்ற யூத மரபு நூலில் பதிவாகியிருக்கிறது. பார்லி முற்றியிருப்பது அவசியம், ஏனென்றால் பண்டிகையில் முதற்பலனான கதிர்க்கட்டைக் காணிக்கையாக அசைவாட்ட வேண்டும்.

நடைமுறையில்: நிசான் 14 வசந்த சமநாளுக்கு, அதாவது அந்தக் கால ஜூலியன் கணக்கில் மார்ச் 22, 23க்கு, அருகில் விழும் ஆண்டுகளுக்கு ஒரு மாதம் தள்ளியும் கணக்குப் போடுங்கள். 31ம் 34ம் அப்படிப்பட்டவை. ஏப்ரலில் வசதியாக விழும் 30க்கும் 33க்கும் இது தேவைப்படாது.

10. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்

வழக்கமான பிறைக் கணக்குப்படி நிசான் 14இன் பகல்:

26: ஏப்ரல் 21, ஞாயிறு
27: ஏப்ரல் 10, வியாழன்
28: மார்ச் 30, செவ்வாய்
29: ஏப்ரல் 18, திங்கள்
30: ஏப்ரல் 7, வெள்ளி
31: மார்ச் 27, செவ்வாய்
32: ஏப்ரல் 13, ஞாயிறு
33: ஏப்ரல் 3, வெள்ளி
34: மார்ச் 24, புதன்
35: ஏப்ரல் 12, செவ்வாய்
36: மார்ச் 31, சனி

இதை நீங்களே கணக்கிட்டு ஒத்துப்பாருங்கள். நகலெடுத்து ஒட்டினால் எந்த வரி உறுதி, எந்த வரி தளர்வு என்று தெரியாது.

ஒரு நாள் முன்பின் பிசகைக் கொடுத்தாலும் 26, 28, 29, 32, 35 ஆகியவை வெள்ளியைத் தொடுவதில்லை. 36இல் பிறை ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால் மட்டும் 14 வெள்ளியாகும். 27இல் நிசான் 15 வெள்ளி, பிறை ஒரு நாள் தாமதித்தால் 14 வெள்ளி. ஆனால் 4ஆம் படி அதை ஏற்கெனவே தள்ளிவிட்டது. 31, 34 இரண்டும் அதிக மாதம் சேர்த்தால் நிசான் 15 வெள்ளியாகக்கூடும்: முறையே ஏப்ரல் 27, ஏப்ரல் 23. எந்தத் திருத்தமும் இல்லாமல் நிற்பவை 30ம் 33ம்.

11. வெளியிலிருந்து சரிபாருங்கள்

பவுலின் காலவரிசை நல்ல சோதனை. கிரேக்க ஊரான டெல்ஃபியில் கிடைத்த கல்வெட்டால் கல்லியோன் என்பவர் ரோம மாகாணமான அகாயாவில் அதிபதியாக இருந்தது 51-52 வாக்கில் என்று தெரிகிறது. அப்போஸ்தலர் 18 பவுலை அவர் முன் கொரிந்துவில் நிறுத்துகிறது. அதற்கு முன் எருசலேம் ஆலோசனைச் சங்கம், 48-49 வாக்கில். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் தன் எருசலேம் பயணங்களைப் பற்றிச் சொல்லும் 3 ஆண்டையும் 14 ஆண்டையும் அங்கிருந்து பின்னோக்கிக் கழித்தால் அவர் மனமாற்றம் 31க்கும் 34க்கும் இடையில் வரும். 30க்கு இது தாராளமாகப் பொருந்தும். 33க்கு இறுக்கம்; 3ம் 14ம் மேற்பொருந்துவதாக எடுத்தால் மூச்சுவிடலாம். 34க்கு மிகக் கடினம். 36க்கு வாய்ப்பில்லை.

கிரகணத்தை இந்தப் படியில் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். கி.பி. 33 ஏப்ரல் 3 மாலையில் ஒரு பகுதிச் சந்திர கிரகணம் நடந்தது. ஹம்ஃப்ரீஸ், வாடிங்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1983இல் இதை அப்போஸ்தலர் 2:20இல் வரும் இரத்தமாக மாறும் சந்திரனோடு இணைத்து 33ஐ ஆதரித்தார்கள். ஆனால் எருசலேமில் நிலா உதிக்கும்போது கிரகணத்தின் உச்சம் கடந்துவிட்டது. ஓரத்தில் மிஞ்சிய சிறு பகுதி அந்தி வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா என்பதில் வானியலாளர் ஷேஃபர் போன்றவர்கள் மறுப்பு எழுப்பினார்கள். கிரகணம் நடந்தது உறுதி, மக்கள் கண்டார்கள் என்பது உறுதியில்லை. அதைத் தூணாக்கி மேலே கட்ட வேண்டாம்.

நடுப்பகல் இருளைச் சூரிய கிரகணமாக்குவதோ முழுப் பிழை. பஸ்கா பௌர்ணமியில் வருகிறது. சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே நடக்கும். கி.பி. 29 நவம்பர் 24இல் நடந்த சூரிய கிரகணத்தை எடுத்துவந்து இங்கே பொருத்துபவர்களுக்கும் இதுதான் பதில்.

12. விடையை எழுதும் முறை

தேதியை மட்டும் எழுதாதீர்கள். அது எந்த வாசிப்புகளின் மேல் நிற்கிறது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். என் நோட்டில் இப்படி இருக்கிறது:

கி.பி. 30 ஏப்ரல் 7: திபேரியுவின் ஆண்டு சீரியா முறை, 46 ஆண்டு கட்டத் தொடங்கியதிலிருந்து, பஸ்காக்கள் 28, 29, 30, பவுலின் காலவரிசை தாராளம், பிறை 24 மாலையானால் நிசான் 14, 23 மாலையானால் 15.

கி.பி. 33 ஏப்ரல் 3: திபேரியுவின் ஆண்டு நாள் கணக்கு, 46 ஆண்டு கட்டி முடித்ததிலிருந்து, யோவான் பெயரிடாத பஸ்கா ஒன்றுக்காவது இடம் வேண்டும், அல்லது ஊழியம் தாமதமாகத் தொடங்கியிருக்க வேண்டும், பவுலின் காலவரிசை இறுக்கம், நிசான் 14.

நான் 30 பக்கம் சாய்கிறேன். பவுலின் காலவரிசையும், யோவான் பெயர் சொல்லும் மூன்று பஸ்காக்களும் கூடுதலாக எதையும் சேர்க்காமல் அதில் உட்காருகின்றன. லூக்கா 3:1ஐ நாள் கணக்காகவே வாசிக்க வேண்டும் என்று கருதுபவருக்கு 33 வலுவாகத் தெரியும். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். 31ஐயோ 34ஐயோ ஆதரிப்பவர் அதிக மாதத்துக்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும்.

13. இதே முறையைப் பிறப்புக்குப் போட்டால்

கொஞ்ச தூரம்தான் போகும். மத்தேயு 2 பிறப்பை ஏரோதின் காலத்தில் வைக்கிறது. ஏரோதின் மரணத்துக்குச் சற்று முன் ஒரு சந்திர கிரகணமும், பின்பு ஒரு பஸ்காவும் வந்ததாக யோசேபஸ் சொல்கிறார், கி.மு. 4 மார்ச் 13 கிரகணம்தான் அது என்பது பெரும்பான்மைக் கருத்து. கி.மு. 1 என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். நாசா பட்டியலில் தேடும்போது கி.மு. 4க்கு -3 என்று தட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அதோடு, ரோமில் நெட்டாண்டு வைப்பதில் ஏற்பட்டிருந்த குளறுபடி கி.பி. 8 வாக்கில்தான் சீரானது, கி.மு. 4க்கு நாம் எழுதும் ஜூலியன் தேதி, பின்னோக்கி நீட்டிய கணக்கு.

லூக்கா 2:2 சொல்லும் சிரேனியுவின் குடிமதிப்பு, யோசேபஸின்படி கி.பி. 6இல் நடந்தது. ஏரோதின் மரணத்தோடு அதற்கு இருக்கும் இடைவெளியை எந்த நாட்காட்டிக் கணக்காலும் மூட முடியாது. கிழமையும் இல்லை, பண்டிகையும் இல்லை, நிலாவும் இல்லை. ஆகவே முதல் பத்தியில் மத்தேயு 2 என்றும், கடைசிப் பத்தியில் "கி.மு. 4க்குள்" என்றும் எழுதி, மாதத்துக்கும் நாளுக்கும் உரிய இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.